கவலைப்படாதே என்று அவர் யாரிடம் சொன்னார்?



சேதராப்பட்டில் கவலைக்குத் தேதி உண்டு. மாதக் கடைசி என்றால் கான்ட்ராக்ட் ஆளை அடுத்த மாதமும் வைத்துக்கொள்வார்களா என்ற கவலை. பத்தாம் தேதி என்றால் குழுக் கடன் தவணை. மே, ஜூன் பிறந்தால் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ். இந்தத் தேதிகளுக்கு நடுவில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வருகின்றன. பிள்ளைகளுக்குத் தூக்கம் போகிறது.

சமீபகாலமாகக் கல்லூரிப் பிள்ளைகள் எங்களிடம் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "அண்ணா, எந்நேரமும் மனசு படபடன்னு அடிச்சிக்குது, ஜெபம் பண்ணா போயிடுமா?" இது ஒன்று. "போராட்டத்துல இருக்கிறவங்க கடவுளை நம்பறது சரியா அக்கா?" இது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்தே எழுத நினைக்கிறோம். நாங்கள் இறையியல் படித்தவர்கள் இல்லை. தொழிற்பேட்டைக்கு ஷிப்டு போகிறவர்களும், பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் படிக்கப் போகிறவர்களுமான ஒரு சின்னக் கூட்டம். எங்களில் கத்தோலிக்கர் உண்டு, பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள் உண்டு, எந்தக் கோவிலுக்கும் போகாமல் அண்ணல் படத்துக்கு மட்டும் மாலை போடுகிறவர்களும் உண்டு.

முதலில், எங்கள் ஊர்க் கவலை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். சேதராப்பட்டு, கரசூர் பக்கத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகிறது என்று எழுநூறு ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். மண்டலம் வரவில்லை. நிலம் வருடக்கணக்கில் சும்மா கிடந்தது. நிலம் வைத்திருந்தவருக்கு இழப்பீடு என்று பேசவாவது ஒரு வார்த்தை இருந்தது. அந்த நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன எங்கள் அம்மாக்களுக்கு எந்தத் தாளிலும் பெயர் இல்லை. அவர்களின் பிள்ளைகள்தான் இன்று கம்பெனி வேனுக்காக விடியற்காலையில் ரோட்டில் நிற்கிறார்கள்.

அடுத்தது சான்றிதழ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளைஞர்கள் பலருக்கு இதன் வரலாறு தெரியவில்லை. 1950-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றுவரை வெளியே. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரி 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. 1964-ல் நமக்கென்று தனியாக ஓர் ஆணை வந்தது. அதிலும் அதே பூட்டுதான்.

சூசை என்று ஒருவர். சென்னையில் ரோட்டோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர், கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர். செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, நீ கிறித்தவன் என்று அவருக்கு மட்டும் இல்லை என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவுக்குச் சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று 1985-ல் வழக்கு தள்ளுபடி ஆனது. ரோட்டோரத்தில் அதே வெயிலில், அதே ஊசியோடு உட்கார்ந்திருந்த மனிதர் இன்னும் என்ன ஆதாரத்தைக் கொண்டுவந்திருக்க முடியும்?

அடுத்த வழக்கு நம் வாசலிலேயே நடந்தது. புதுச்சேரியில் அரசு எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். கைக்குழந்தையாக இருந்தபோது 1991-ல் வில்லியனூர் மாதா கோவிலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். தான் இந்துவாக வாழ்வதாக அவர் சொன்னதை அதிகாரிகளும் உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று சொன்னது. நவம்பர் 26 அரசியல் சட்ட நாள் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

அந்தச் செய்தி வந்த வாரம் ஊரில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். விசாரணைக்கு யாராவது வந்தால் என்ன செய்வது என்று பயந்து, கூடத்தில் தொங்கிய இயேசு காலண்டரைக் கழற்றி அடுப்பங்கரைக்குக் கொண்டுபோன வீடு ஒன்று உண்டு. "சாமியை ஏம்மா ஒளிச்சி வைக்கிற?" என்று அந்த வீட்டுச் சின்னப் பெண் கேட்டிருக்கிறாள். அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. கவலை என்றால் எங்களுக்கு இதுதான். நம்புகிற கடவுளையும், பிள்ளையின் படிப்பையும் ஒரே சுவரில் மாட்ட முடியாத நிலை.

இந்த அம்மாவிடம் போய் "கவலைப்படாதே" என்று சொன்னால் என்ன அர்த்தம்?

அந்த வார்த்தையை எங்களிடம் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். மேஸ்திரி சொல்வார். ஓட்டுக் கேட்டு வருகிறவர் சொல்வார். ஆபீசில் மனுவை வாங்கி டிராயரில் போடுகிறவரும் சொல்வார். பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறோம். வானத்துப் பறவைகளைப் பார், காட்டுப் பூக்களைப் பார், கர்த்தர் கொடுப்பார், காணிக்கை போடு, வீட்டுக்குப் போ. இப்படிச் சொல்கிற பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்தால் கவலை போவதில்லை. கவலையோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. நமக்கு விசுவாசம் போதவில்லை போலிருக்கிறது என்று.

அதனால் மத்தேயு ஆறாம் அதிகாரத்தை நாங்களே உட்கார்ந்து படித்தோம். ஒருமுறை அல்ல, நாலைந்து வாரம். அந்தப் பகுதியைப் பிரசங்கங்களில் நடுவில் இருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முந்தைய வசனம் என்ன? கடவுளுக்கும் பணத்துக்கும் ஒரே நேரத்தில் ஊழியம் செய்ய முடியாது என்பது. அதைச் சொல்லிவிட்டு, "ஆகையால்" என்று தொடங்கித்தான் கவலைப்படாதீர்கள் என்கிறார் இயேசு. பணத்தை முதலாளியாக வைத்த உலகத்துக்கு எதிராகச் சொன்ன பேச்சு அது. சேர்த்து வைக்கக் களஞ்சியம் இல்லாத பறவையை அவர் எடுத்துக்காட்டாகக் காட்டியது களஞ்சியம் இல்லாத மக்களிடம். அன்றன்றைய அப்பத்துக்காக ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்களுக்குத்தான். குடோன் நிறைய மூட்டை வைத்திருப்பவனுக்கு அன்றன்றைய அப்பத்துக்கு ஜெபம் எதற்கு? அந்தப் பேச்சு முடிகிற இடத்தில், முதலில் கடவுளின் ஆட்சியையும் அவருடைய நீதியையும் தேடுங்கள் என்கிறார். நீதி என்ற சொல் அங்கே இருக்கிறது. எங்களுக்குக் கேட்ட பிரசங்கங்களில் அது எப்படியோ விழுந்துவிடுகிறது.

அதே மத்தேயுவில் இருபதாம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக் கூலிகளின் கதை வருகிறது. சாயங்காலம் வரை ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். கம்பெனி வேன் ஏற்றாமல் போன நாளில் ரோட்டில் நின்றவர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் வந்தவருக்கும் ஒரு நாள் முழுக் கூலி கொடுக்கிறார் தோட்டக்காரர். ஒரு நாள் பிழைக்க ஒரு நாள் கூலி வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான், "இவரு எந்தக் கம்பெனிண்ணா, அட்ரஸ் குடுங்க." அன்றைக்கு வெகுநேரம் சிரித்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கவலை பாவம் இல்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கவலைப்பட்டார். வியர்வை ரத்தத் துளிபோல விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டார். அதற்கு முன் அவர் செய்தது என்ன? மூன்று சினேகிதர்களைப் பக்கத்தில் அழைத்து, என்னோடு விழித்திருங்கள் என்றார். தனியாகக் கவலைப்பட அவருக்கும் முடியவில்லை. அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.

போராட்டக்காரருக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு மார்ட்டின் லூதர் கிங்கைச் சொல்கிறோம். 1956 ஜனவரி 27. மான்ட்கோமரியில் பஸ் புறக்கணிப்பு நடந்துகொண்டிருக்கிறது. அவருக்கு 27 வயது, கைக்குழந்தை உள்ளே தூங்குகிறது. நடுராத்திரி போன் வருகிறது. ஊரைவிட்டுப் போகாவிட்டால் கொன்றுவிடுவோம், வீட்டை வெடிவைத்துத் தகர்த்துவிடுவோம். அவரால் தூங்க முடியவில்லை. சமையலறையில் காபி போட்டு வைத்துக்கொண்டு, கோழை என்று பெயர் வாங்காமல் இதிலிருந்து எப்படி விலகுவது என்று யோசிக்கிறார். இதை அவரே பிறகு எழுதியிருக்கிறார். மேசையில் தலைகவிழ்ந்து வாய்விட்டு ஜெபிக்கிறார்: எனக்குப் பலம் இல்லை, பயமாக இருக்கிறது. நீதிக்காக நில், நான் உன்னோடு இருக்கிறேன் என்று உள்ளே ஒரு குரல் கேட்டதாகச் சொல்கிறார். மூன்று நாள் கழித்து நிஜமாகவே வீட்டில் குண்டு வெடித்தது. மனைவியும் குழந்தையும் தப்பினார்கள். ஆயுதத்தோடு கூடிய தம் மக்களை அமைதியாக வீட்டுக்குப் போகச் சொல்ல அவரால் முடிந்தது. புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. வென்றார்கள்.

கவனியுங்கள், அந்த ஜெபத்தால் குண்டு வராமல் போய்விடவில்லை. மிரட்டல் போன்களும் நிற்கவில்லை. மறுநாள் காலை எழுந்து வேலைக்குப் போகிற தெம்பு அவருக்குக் கிடைத்தது.

நம் தமிழ் மண்ணில் பிறந்தவரையும் சொல்கிறோம். திருச்சிப் பக்கத்து விரகாலூரில் 1937-ல் பிறந்த இயேசு சபைப் பாதிரியார் ஸ்டேன் சுவாமி. ஜார்கண்ட் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்த இளைஞர்களுக்காகவும் வேலை செய்தவர். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் அவரைக் கைது செய்தபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளர் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்கும் குவளை கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. தலோஜா சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில் தன்னைப் பற்றிய புலம்பல் இல்லை. உடன் இருந்த தோழர் ஒருவர் சாப்பிட உதவுகிறார், இன்னொருவர் குளிக்க உதவுகிறார், சக கைதிகள் ஏழைகள், அவர்களுக்காக ஜெபியுங்கள் என்று எழுதினார். கூண்டில் அடைத்தாலும் பறவை பாடும் என்றார். ஜாமீன் கிடைக்கவில்லை. 2021 ஜூலை 5 அன்று, வழக்கு விசாரணையே தொடங்காத நிலையில், கைதியாகவே மருத்துவமனையில் இறந்தார்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், நம்பினால் எல்லாம் நல்லபடி முடியும் என்று உங்களிடம் பொய் சொல்ல எங்களுக்கு விருப்பம் இல்லை. ஸ்டேன் சுவாமிக்கு நல்லபடி முடியவில்லை. ஆனால் அவரை வைத்திருந்தவர்களால் அவரைப் பயமுறுத்த முடியவில்லை. அந்த முதியவரிடம் இருந்தது என்ன என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆசை. கடவுள் மேல் வைத்த நம்பிக்கையும், குளிக்க வைத்த தோழரின் கையும் அவர் கடிதத்தில் தனித்தனியாக இல்லை.

சரி, அந்தக் கடவுளின் கோவிலில் சாதி இல்லையா? இருக்கிறது. புதுச்சேரி சம்பா கோவிலுக்குள்ளேயே பறையர் கிறித்தவர்களைப் பிரிக்கச் சுவர் இருந்தது. 1745-ல் நம் மக்கள் பெரிய சாமியாரிடம் போய் முறையிட்டு, அந்தச் சுவர் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை என்பது படித்தால் தெரியும். திருச்சியில் கல்லறைக்கு நடுவே சாதிச் சுவர். நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்து எறையூரில் 2008-ல் தனிப் பங்கு கேட்டதற்காகத் தலித் கிறித்தவர்கள் தாக்கப்பட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. எனவே நம்பிக்கை என்று நாங்கள் சொல்வது பங்குப் பேரவை மேல் வைக்கிற நம்பிக்கை அல்ல. 1745-லேயே சுவரை இடிக்கச் சொல்லி எழுந்தவர்கள், எழுந்து நிற்கிற தைரியத்தை எங்கிருந்து எடுத்தார்களோ, அங்கே வைக்கிற நம்பிக்கை.

நடைமுறையில் என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். எங்களிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு கூடும்போது ஒவ்வொருவரும் அந்த வாரத்துக் கவலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மழுப்பக் கூடாது. பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்திருக்கிறோம். நாம் செய்யக்கூடியது இடது பக்கம்: யாரைப் பார்க்கணும், எந்த மனு, எந்த நாள், கூட யார் போவது. நம் கையில் இல்லாதது வலது பக்கம். வலது பக்கத்துக்காக ஜெபிக்கிறோம். ஜெபிக்காத தோழர்கள் அந்த நேரம் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை. ஒரு விதி உண்டு. இடது பக்கத்தில் எழுத வேண்டியதைச் சோம்பேறித்தனத்தால் வலது பக்கத்தில் எழுதக் கூடாது. இதில் சண்டைகூட வந்திருக்கிறது.

எங்களில் ஓர் அக்கா, ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. சம்பளத்தில் மாதாமாதம் பி.எஃப். பிடித்தார்கள். போனில் பாஸ்புக்கைத் திறந்தால் எட்டு மாதமாக ஒன்றும் ஏறவில்லை. கேட்டதற்கு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அக்கா ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. நோட்டில் அவருடைய கவலை முதலில் வலது பக்கம்தான் இருந்தது, அவரே அப்படி எழுதச் சொன்னார், எல்லாம் கர்த்தர் பார்த்துப்பார் என்று. பி.காம். படிக்கிற ஒரு தங்கை எழுந்து, சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போது இது எப்படி வலது பக்கம் என்று கேட்டாள். புகார் எழுதினார்கள். ஆபீசுக்கு இரண்டு பேர் கூடவே போனார்கள், நாலு தடவை. பல மாதம் கழித்துப் பணத்தில் ஒரு பகுதி ஏறியது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அக்கா இப்போது வேறு இடத்துக்குப் போகிறார், புதிதாகச் சேர்கிற பெண்களுக்குப் பாஸ்புக் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கவலை எல்லாமே ஜெபத்தாலும் மனுவாலும் தீருவது இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அது நோய். காய்ச்சலுக்குப் போவதுபோல டாக்டரிடம் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஜெய் பீம் சொல்லும் வாயால் ஆமென் சொல்லலாமா? அண்ணல் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார். நம் மண்ணில் அயோத்திதாசரும் பௌத்தத்துக்குப் போனார். ஆனால் அதற்கு முன்பு, 1880-களில், 'திராவிடப் பாண்டியன்' இதழில் அயோத்திதாசரோடு சேர்ந்து வேலை செய்தவர் ஜான் இரத்தினம், ஒரு பாதிரியார். அவர்களுக்கு இடையில் இது சிக்கலாக இருந்ததாகத் தெரியவில்லை. நாங்களும் அண்ணலிடம் சட்டத்தைக் கற்றுக்கொள்கிறோம், எங்கள் பாட்டிமாரிடம் ஜெபத்தைக் கற்றுக்கொள்கிறோம். கிறித்தவர் ஆனதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகரின் வழக்கில் சொன்னபோது, அதை எதிர்த்து முதலில் பேசியவர்களில் ஜெபிக்காத தோழர்களும் இருந்தார்கள்.

மதம் மாறிய தலித்துகளைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே பரிந்துரைத்தது. 2004-ல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருபது வருடம் தாண்டிவிட்டது. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஓர் ஆணையம் போட்டார்கள். எங்கள் நோட்டில் இந்த வழக்கு இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. தீர்ப்பு வலது பக்கம். அந்த அம்மாவின் பெண்ணுக்கு இந்த ஜூனில் விண்ணப்பம் எழுதுவதும், தாலுகா ஆபீசுக்குக் கூடப் போவதும் இடது பக்கம். இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஒருவர் வேண்டும், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, லீவு போட முடிந்தவர்கள் சொல்லுங்கள்.